ஒரு கணினி, இரண்டு பிள்ளைகள், வாய் நிறைய ஆங்கிலம்

"ஆங்கிலம் சொல்லித்தர எந்த மென்பொருள் நல்லது டீச்சர்?" சக ஆசிரியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கணினி அறை தயாராக இருக்கும். வாரத்துக்கு ஒரு பாடவேளையும் ஒதுக்கியாகிவிட்டது. அதில் என்ன போடுவது என்பதுதான் அவர்கள் கவலை. மென்பொருளின் பெயரைச் சொல்வதற்கு முன் நான் அவர்களிடம் ஒன்று கேட்பேன். அந்தப் பாடவேளை முடிவதற்குள் ஒரு பிள்ளையின் காதில் எவ்வளவு ஆங்கிலம் விழும்? அதன் வாயிலிருந்து எவ்வளவு வரும்? இதற்குப் பதில் வைத்திருப்பவருக்கு, கணினியோடு வரும் சாதாரண மென்பொருளே போதும். பதில் இல்லாதவர் எதை வாங்கிப் போட்டாலும் பிள்ளைகள் திரையைப் பார்த்துக்கொண்டு மௌனமாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 பிள்ளைகள், 40 நிமிட வகுப்பு. ஆசிரியர் வாயே திறக்காவிட்டாலும் ஆளுக்கு ஒரு நிமிடம்தான் பேசக் கிடைக்கும். ஆசிரியர் பேசாமல் இருக்கப்போவதில்லை. முன்வரிசையில் கைதூக்கும் நான்கைந்து பேரே அந்த மிச்ச நேரத்தையும் எடுத்துக்கொள்வார்கள். ஆக, பின்வரிசைப் பிள்ளை ஒரு வாரம் முழுக்க ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம்கூடச் சொந்தமாகச் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விடலாம். யாரும் கவனிக்கப்போவதில்லை. பாடத்தை வரி பிசகாமல் ஒப்பிக்கிற பிள்ளை, "உன் பேனாவைக் கொஞ்சம் தர்றியா?" என்று ஆங்கிலத்தில் கேட்கத் திணறுவது இதனால்தான்.

கேட்பது மட்டும் போதாது, பேசவும் வேண்டும் என்பதற்கு நல்ல சான்று கனடாவிலிருந்து வந்தது. ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கு அங்கே பெரும்பாலான பாடங்களைப் பிரெஞ்சில் நடத்தும் பள்ளிகள் உண்டு. அந்தப் பிள்ளைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வைன் 1985ல் எழுதியது இதுதான்: பல ஆண்டுகள் பிரெஞ்சு கேட்டதால் அவர்களுக்குப் புரிதல் நன்றாக இருக்கிறது, பேச்சிலும் எழுத்திலும் பிழைகள் நின்றபாடில்லை. தாமாகச் சொல்லித் திணறி, திருத்திச் சொல்லும் வாய்ப்பு அவர்களுக்குக் குறைவாகவே கிடைத்தது என்றார் அவர். கணினி வகுப்பைத் திட்டமிடும்போதெல்லாம் எனக்கு இது நினைவில் இருக்கும். வீடியோ ஓடவிட்டு உட்காரவைப்பது எளிது. அது பாதி வேலைதான்.

உட்காரவைக்கும் முறை

எங்கள் அறையில் பிள்ளைகளின் எண்ணிக்கையில் பாதிதான் கணினிகள். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. மொழி வகுப்பைப் பொறுத்தவரை ஆளுக்கு ஒன்று இருந்தாலும் நான் இரண்டு பேரைத்தான் ஒன்றில் உட்காரவைப்பேன். தனியாக உட்காரும் பிள்ளைக்குப் பேச ஆள் இல்லை.

பெரு நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மடிக்கணினி கொடுத்த பெரிய திட்டம் ஒன்று நடந்தது. அதன் கிராமப்புறப் பள்ளிகளை மதிப்பிட்டு 2012ல் வெளியான ஆய்வு, கணக்கிலும் மொழியிலும் தேர்ச்சி கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றது. கணினி கைக்கு வந்தது. அதைக்கொண்டு வகுப்பில் என்ன செய்வது என்பதில் பெரிய மாற்றம் வரவில்லை. இதற்கு நேர்மாறான காட்சி 1999ல் புதுதில்லியில் கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா சுவரில் பதித்துவைத்த கணினி. ஒரே திரையைச் சுற்றிப் பிள்ளைகள் கூட்டமாக நின்று, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துப் பழகிக்கொண்டார்கள். அந்தச் சோதனையின் எல்லா முடிவுகளையும் நான் அப்படியே ஏற்கவில்லை. ஆசிரியர் இல்லாமலே எல்லாம் நடந்துவிடும் என்று நினைப்பது ஆபத்து. ஆனால் திரையைச் சுற்றி எழும் அந்தப் பேச்சு இருக்கிறதே, அதுதான் மொழி ஆசிரியருக்குப் பொன்.

அதனால் எங்கள் வகுப்பில் ஒரு விதி. மவுஸைப் பிடித்திருப்பவர் முடிவு எடுக்கக்கூடாது. முடிவு எடுப்பவர் மவுஸைத் தொடக்கூடாது. பக்கத்தில் இருப்பவர் ஆங்கிலத்தில் சொன்னால்தான் கை அசையும். "க்ளிக் த ரெட் ஒன்." "நோ, நோ, த ஸ்மால் ஒன்." "கோ பேக், கோ பேக்!" ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். துடுக்கான பிள்ளை மவுஸைப் பிடுங்கிக்கொண்டு, அமைதியான பிள்ளை வேடிக்கை பார்க்கும் வழக்கம் இந்த விதியால் அடியோடு நின்றது. அமைதியான பிள்ளை சொல்லாமல் துடுக்கான பிள்ளையால் ஓர் அங்குலம் நகர முடியாதே!

தொடக்கத்தில் இதற்கான சொற்றொடர்கள் அவர்களிடம் இருக்காது. பத்துப் பன்னிரண்டைக் கரும்பலகையில் எழுதி வைத்துவிடுவேன். "இட்ஸ் மை டர்ன்", "ட்ரை அகெய்ன்", "வாட் டஸ் திஸ் மீன்?", "ஐ திங்க் இட்ஸ் ராங்". நாட்பட நாட்படக் கரும்பலகையை யாரும் பார்ப்பதில்லை.

தமிழில் பேசினால் தண்டனை என்ற வழக்கத்தை எந்த வடிவிலும் நான் வகுப்புக்குள் விடுவதில்லை. புரியாததைத் தமிழில் கேட்பது பிள்ளையின் உரிமை. ஒரு பிள்ளை தோழிக்குத் தமிழில் விளக்கும்போது இருவர் மனத்திலும் அந்த ஆங்கில வாக்கியம் பதிகிறது. அவமானப்பட்டுக் கற்ற மொழியை வாய்ப்புக் கிடைத்ததும் கைவிட்டுவிடுகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சின்ன விஷயம் ஒன்று, ஆனால் முதல் நாளே தொல்லை தரும். விசைப்பலகையில் எல்லாம் பெரிய எழுத்துகள். திரையில் வருவதோ சிறிய எழுத்து. மூன்றாம் வகுப்புப் பிள்ளை விசையைத் தேடித் தவிப்பதற்கு இதுவே காரணம். பிள்ளைக்கு எழுத்து தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். சிறிய எழுத்து அச்சிட்ட ஸ்டிக்கர்களை விசைகளின் மூலையில் ஒட்டினால் போதும். இன்னொன்று: கணினியின் பட்டியலைத் தமிழுக்கு மாற்றாமல் ஆங்கிலத்திலேயே விடுங்கள். ஓப்பன், க்ளோஸ், சேவ், கட், பேஸ்ட், அன்டூ எல்லாம் செய்துபார்த்தே பொருள் விளங்கும் வினைச்சொற்கள். அவற்றை யாரும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

காது

கணினியின் ஹெட்போன் துளையை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வாங்குங்கள். எங்கள் அறையில் அதிகம் பயன்பட்ட பொருள் அதுதான். இரண்டு பேரும் ஒரே ஒலியைத் தெளிவாகக் கேட்கலாம். கேட்டு முடித்ததும் பேசிக்கொள்ள விஷயம் இருக்கும்.

பிள்ளைகளுக்குத் திரைப்பட ஆங்கிலமோ செய்தி ஆங்கிலமோ முதலில் ஓடவிட்டால் இரைச்சலாகத்தான் கேட்கும். வேகத்தைக் குறைக்க வேண்டும். விஎல்சி போன்ற இலவச இயக்கியில் வேகத்தை 0.8க்கு இறக்கலாம், குரல் கெடாது. மெதுவாகவே பேசிப் பதிந்தவையும் கிடைக்கின்றன. அமெரிக்க அரசின் வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959ல் தொடங்கிய எளிய ஆங்கில ஒலிபரப்பு, ஏறத்தாழ 1,500 சொற்களுக்குள், வழக்கமான செய்தி வாசிப்பைவிட மூன்றில் ஒரு பங்கு வேகம் குறைத்துப் பேசப்பட்டது. இந்த வகைப் பதிவுகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இணையம் வருமா வராதா என்று வகுப்பு நடுவில் காத்திருந்தால் பிள்ளைகளின் ஆர்வம் வடிந்துவிடும். சிறு பிள்ளைகளுக்கு பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் ஒரு புதையல். கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். திறந்த உரிமம் என்பதால் இறக்கலாம், அச்சிடலாம், மாற்றி எழுதலாம். ஒரே கதையின் தமிழ் வடிவமும் ஆங்கில வடிவமும் பல நேரங்களில் கிடைக்கும். முதலில் தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்கும் பிள்ளைக்குக் கதை புரியுமோ புரியாதோ என்ற பயம் இல்லை. முழுக் கவனமும் சொல் மீது போகும்.

நாங்கள் கேட்கும் முறை இது. மூன்று நிமிடத்துக்கு மேல் எந்தப் பதிவும் இல்லை. முதல் முறை எழுத்து இல்லாமல் கேட்க வேண்டும். கேட்டு முடித்து, பிடிபட்ட சொற்களை இருவரும் தாளில் எழுதுவார்கள். இரண்டாம் முறை எழுத்தோடு. மூன்றாம் முறை வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி, அதே ஏற்ற இறக்கத்தோடு திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்றாவதைப் பல ஆசிரியர்கள் நேரமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். முதல் இரண்டைக் குறைத்தாவது மூன்றாவதைச் செய்யுங்கள் என்பேன்.

வீடியோவின் அடியில் வரும் வரிகள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். தமிழ் வரிகள் போட்டால் கண் தமிழுக்குப் போய்விடும், காது தூங்கிவிடும். பேசும் மொழியிலேயே எழுத்தையும் காட்டினால் வாசிப்பு வளரும் என்ற எண்ணத்தை ஆய்வாளர் பிரிஜ் கோத்தாரி 1996 முதல் முன்னெடுத்தார். இந்தியத் தொலைக்காட்சியில் திரைப்பாடல்களுக்கு அடியில் அதே மொழியில் வரிகள் ஓடியதற்குப் பின்னால் அவர் உழைப்பு இருக்கிறது. அங்கே நோக்கம் தாய்மொழி வாசிப்பு. ஆங்கில வகுப்பில், ஒலியும் எழுத்தும் ஒத்துப்போகாத ஒரு மொழிக்கு, இது இன்னும் கூடுதலாகவே உதவுகிறது.

தன் குரலைத் தானே கேட்பது

கணினியால் ஆங்கிலத்துக்கு விளைந்த நன்மைகளில் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், ஒலிப்பதிவை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிடுவேன். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் 2000ல் இருந்து இருக்கிறது, பழைய கணினியிலும் ஓடும். செல்பேசியின் பதிவுக்கருவியும் போதும்.

தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கில ஒலிகளில் சில இடங்கள் வழுக்கும். நம் எழுத்தில் 'ப' ஒன்றே. சொல்லில் நிற்கும் இடத்தைப் பொறுத்து அதன் ஒலி மாறும். ஆங்கிலத்தில் அந்த ஒலிகள் p, b என்று இரண்டு தனி எழுத்துகள், மாற்றிச் சொன்னால் பொருளே மாறிவிடும். மட்டையும் (bat) செல்லமாகத் தட்டுவதும் (pat) ஆங்கிலத்தில் வேறு வேறு ஒலியில் தொடங்கும் சொற்கள். தமிழில் எழுதினால் இரண்டும் 'பேட்' தான். அதேபோல மெய்யில் முடியும் ஆங்கிலச் சொற்களுக்கு நாம் உகரம் சேர்ப்போம்: புக்கு, பஸ்ஸு, கப்பு. 'ஸ்கூல்' என்பதற்கு முன்னால் ஓர் இகரம் ஓடிவந்து நிற்கும். இவற்றை ஆசிரியர் வகுப்பு நடுவில் திருத்தினால் பிள்ளைக்கு முகம் வாடிவிடும். அடுத்த முறை கை தூக்காது.

ஒலிப்பதிவில் திருத்துவது பிள்ளையின் காதுதான். மாதிரி வாக்கியத்தைக் கேட்டு, தன் குரலில் பதிந்து, இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டுப் பார்க்கும். ஆடாசிட்டியில் ஒலி அலையாகத் தெரியும் என்பதால் கண்ணும் துணைக்கு வரும். 'புக்கு' என்று சொன்னால் முடிவில் ஒரு வீக்கம் தெரியும். மாதிரியில் அது இருக்காது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் அந்த வீக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டு, "டீச்சர், என் வால் நீளமா இருக்கு!" என்று கத்தினான். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் அதற்குப் பெயர் வால். "உன் வாலை வெட்டு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள், யார் மனமும் புண்படாமல்.

வகுப்பில் பேசவே பேசாத மாணவி ஒருத்தி இருந்தாள். கேள்வி கேட்டால் எழுந்து நின்று, தலையைக் குனிந்துகொள்வாள். ஹெட்போனைக் கொடுத்துத் தனி மூலையில் பதியச் சொன்னேன். பதிந்ததை அழித்து, மறுபடி பதிந்து, மறுபடி அழித்து, பாடவேளை முழுக்க ஒரே பத்தியோடு போராடினாள். நான் எட்டிப் பார்க்கவில்லை. மணி அடித்தபோது, "இதை மட்டும் கேளுங்க டீச்சர், மத்ததை அழிச்சிட்டேன்" என்றாள். தெளிவான, நிதானமான வாசிப்பு. அவளுக்கு ஆங்கிலம் வராமல் இல்லை. எல்லோர் முன்னாலும் தவறுவதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. எத்தனை முறை தவறினாலும் முகம் சுளிக்காத ஒரு கேட்பவர் அவளுக்குத் தேவைப்பட்டார். பதட்டம் கூடினால் மொழி உள்ளே இறங்காது என்று மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் 1980களில் எழுதியதற்கு அவளைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை. அந்தப் பதிவை அவள் அனுமதியோடு வகுப்பில் ஓடவிட்டோம். அடுத்தடுத்த வாரங்களில் இரண்டு பேர் பேசிக்கொள்ளும் உரையாடலைப் பதிய ஒரு தோழியைச் சேர்த்துக்கொண்டாள். பிறகு சிறு குழு. இந்தப் படிகளை அவசரப்படுத்தக் கூடாது. தனியாகப் பதிவது, ஜோடியாகப் பதிவது, குழுவில் பேசுவது, வகுப்பின் முன் பேசுவது என்று ஒவ்வொன்றும் தானாகக் கனிய வேண்டும்.

பதிவுகளை அழிக்காமல் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்புறையில், தேதியிட்டு வையுங்கள். ஆண்டு இறுதியில் முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் பெற்றோருக்குப் போட்டுக்காட்டினால் மதிப்பெண் பட்டியல் சொல்லாததை அது சொல்லும். பிள்ளைகளின் குரலையும் முகத்தையும் இணையத்தில் ஏற்றாதீர்கள். கோப்புகள் பள்ளிக் கணினியிலேயே இருக்கட்டும். ஏதாவது சேவையில் கணக்குத் தொடங்க வேண்டியிருந்தால் முழுப்பெயர், பிறந்த தேதி எதுவும் கொடுக்காமல் ஆசிரியர் கணக்கிலேயே செய்யுங்கள்.

பேச்சை எழுத்தாக்கும் வசதியையும் பயன்படுத்துகிறோம். சுகதா மித்ராவும் ஜேம்ஸ் டூலியும் சக ஆய்வாளர்களும் ஹைதராபாத்தில் இதைச் செய்து பார்த்து 2003ல் எழுதினார்கள். பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து, தாங்கள் சொல்வதைக் கணினி சரியாக எழுதும்வரை உச்சரிப்பை மாற்றி மாற்றிப் பழகியதில் முன்னேற்றம் தெரிந்தது. எங்களுக்கும் இது விளையாட்டாகப் பயன்பட்டது. ஆனால் ஒன்றைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இந்த மென்பொருள்கள் பெரியவர்கள் குரலில் அதிகம் பழகியவை. குழந்தைக் குரலில் கூடுதலாகப் பிசகும். கணினி தவறாக எழுதினால் உன் உச்சரிப்பு தவறு என்று பொருளில்லை. தோழிக்குப் புரிந்தால், தோழி சொல்வதே தீர்ப்பு.

எழுத்து, சொல், பயிற்சி

எழுத்துக்குச் சொற்செயலி ஒன்றே போதும். தமிழில் வினை கடைசியில் வரும், ஆங்கிலத்தில் நடுவில் வரும். வேற்றுமை உருபு நமக்குச் சொல்லின் பின்னால் ஒட்டும், அங்கே அதன் வேலையைச் செய்யும் சொல் முன்னால் நிற்கும். இதை இலக்கணமாக விளக்குவதைவிட, கலைத்துப்போட்ட வாக்கியத்தைத் திரையில் கொடுத்து, சொற்களை வெட்டி ஒட்டி வரிசைப்படுத்தச் சொன்னால் விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள். தாளில் என்றால் அடித்துத் திருத்த வேண்டும், தவறு கண்ணில் உறுத்தும். திரையில் தவறு தடயமில்லாமல் போய்விடும். பிழை காட்டும் சிவப்புக் கோட்டை எழுதும்போது நிறுத்திவையுங்கள். முழுப் பத்தி எழுதி முடித்த பிறகு இயக்கச் சொல்லுங்கள். எழுதும்போதே சிவப்புக் கோடு வந்தால், பிள்ளை தெரிந்த சொல்லாகத் தேடிப் பிடித்து எழுதும். சொல்ல நினைத்ததை எழுதாது.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2007ல் வெளியிட்ட ஸ்க்ராட்ச் மென்பொருள், நிரல் கற்பிக்க வந்தது. எங்களுக்கு அது கதை மேடை. ஒரு பூனையும் ஒரு நாயும் பேச வேண்டும். குரல் பிள்ளைகளுடையது, வசனம் அவர்கள் எழுதியது. வசனம் சரியாக வரும்வரை யாரும் சொல்லாமலே திருத்தித் திருத்திப் பதிவார்கள். இணையமில்லாமலும் ஓடும்.

சொல்வளத்துக்கு ஓர் அளவு தெரிந்திருப்பது நல்லது. மைக்கேல் வெஸ்ட் 1953ல் வெளியிட்ட, அதிகம் புழங்கும் ஆங்கிலச் சொற்களின் பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்). சாதாரண ஆங்கிலப் பக்கம் ஒன்றில் இருக்கும் சொற்களில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். துணையில்லாமல் ஒரு கதையைப் புரிந்து படிக்க, அதிலுள்ள சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்கிறது பால் நேஷனும் சக ஆய்வாளரும் 2000ல் வெளியிட்ட ஆய்வு. அதாவது 50 சொல்லுக்கு ஒரு புதிய சொல். பல பாடப்புத்தகப் பத்திகள் இதைவிட எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளை சோம்பேறி என்று சொல்வதற்கு முன் ஆசிரியர் இந்த எண்ணிக்கையைச் செய்து பார்க்க வேண்டும்.

படித்தது மறந்துபோகும் வேகத்தை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885லேயே அளந்து எழுதிவிட்டார். இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பதே மருந்து. சொற்களை அட்டை அட்டையாகக் காட்டிக் கேட்கும், 2006ல் வந்த அன்கி போன்ற மென்பொருள், எந்தச் சொல்லை எந்த நாளில் காட்ட வேண்டும் என்று தானே கணக்கிடும். நாங்கள் அட்டையில் தமிழ்ப்பொருள் போடுவதில்லை. ஒரு படம், பிள்ளையே எழுதிய ஒரு வாக்கியம், அதன் குரல். அட்டை செய்யும் வேலையிலேயே பாதி மனத்தில் ஏறிவிடுகிறது. ஆகவே ஆயத்த அட்டைக் கட்டுகளை இறக்கித் தராதீர்கள்.

கோடிட்ட இடம் நிரப்பும் பயிற்சிகள் பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனமில்லை. 1960ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பிளேட்டோ என்ற கணினிவழிக் கற்பித்தல் திட்டத்தின் காலத்திலிருந்து கணினி இதைச் செய்துவருகிறது, நன்றாகவே செய்கிறது. உடனே சரி, தவறு சொல்லும். பிள்ளைகள் புள்ளிக்காக நான்கு விடைகளையும் மாற்றி மாற்றி அழுத்தத் தொடங்கினால் பயன் போய்விடும். விடையை அழுத்துவதற்கு முன் முழு வாக்கியத்தையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவர் "ஒய்?" என்று கேட்க வேண்டும். இவ்வளவுதான். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

தானே எழுதிக்கொடுக்கும் கணினி

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு வீட்டுப்பாடக் கட்டுரைகள் திடீரென்று அழகாகிவிட்டன. தடை போட்டுப் பயனில்லை. வேலையின் வடிவத்தை மாற்றினோம். முதல் வரைவு வகுப்பில், கையால், பிழைகளோடு. அதன் பிறகு, நானே என் கணினியில் அந்த வரைவிலிருந்து இரண்டு மூன்று வாக்கியங்களை மட்டும் உள்ளிட்டு, கிடைத்த திருத்தத்தைத் திரையில் காட்டுவேன். எது நல்லது, ஏன் என்று பிள்ளைகள் வாதாட வேண்டும். இயந்திரம் தந்தது எப்போதும் வெல்வதில்லை. "இது நான் சொன்னது இல்லை டீச்சர், இது வேற ஏதோ" என்று ஒரு பிள்ளை மறுத்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. தன் கருத்துக்குக் காவல் நிற்கும் பிள்ளைக்கு மொழி சொந்தமாகிவிட்டது.

13 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் சாட்ஜிபிடியைப் பயன்படுத்தக் கூடாது என்பது அந்நிறுவனத்தின் விதி. பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த வயதைத் தாண்டாதவர்கள் என்பதால் ஆசிரியர் கையில் இருப்பதே முறை. ஆசிரியருக்கோ அது நல்ல உதவியாள். "இந்தக் கதையை இன்னின்ன சொற்களுக்குள் எளிதாக்கிக் கொடு" என்று கேட்டால் ஒரே கதைக்கு மூன்று நிலைகளில் வாசிப்புப் பத்தி கிடைக்கும். தவறுகள் இருக்கும், வரிவரியாகப் பார்த்துத்தான் தர வேண்டும்.

மொழிபெயர்ப்புக் கருவியையும் வகுப்பிலேயே திறந்து காட்டிவிடுங்கள். "சொல்லியாச்சு" என்று தமிழில் உள்ளிட்டுப் பாருங்கள். யார் சொன்னது என்று தமிழில் குறிப்பே இல்லை. ஆங்கிலத்திலோ ஒரு எழுவாய் வேண்டும். கருவி ஊகித்தாக வேண்டும். அது ஊகித்தது சரியா என்று பிள்ளைகள் தீர்ப்புச் சொல்லும்போது, இரண்டு மொழிகளையும் ஒரே நேரத்தில் உற்றுப் பார்க்கிறார்கள். மறைவாகச் செய்யும் காப்பியைவிட இது எவ்வளவோ மேல்.

ஆங்கிலத்தில் தனக்கே தயக்கம் இருப்பதால் இதிலெல்லாம் இறங்கப் பயமாக இருக்கிறது என்று சில ஆசிரியர்கள் என்னிடம் தனியாகச் சொல்வதுண்டு. அவர்களுக்கு நான் சொல்வது: பிள்ளைகளோடு சேர்ந்து நீங்களும் பதியுங்கள். மாதிரிக் குரல் பதிவிலிருந்து வரட்டும். நீங்கள் பிள்ளைகளுக்கு முன்னால் பழகிக் காட்டும் ஆளாக இருங்கள். ஆசிரியர் ஹெட்போன் போட்டுக்கொண்டு தன் வாக்கியத்தைத் திரும்பப் பதிவதைப் பார்க்கும் பிள்ளைக்கு, திரும்பத் திரும்பச் சொல்வது வெட்கப்படும் காரியமாகத் தெரியாது.

பள்ளியில் ஒரே ஒரு கணினிதான் இருக்கிறது என்றாலும் தொடங்கலாம். அதை வகுப்பறையின் மூலைக்குக் கொண்டுவாருங்கள். தலைமையாசிரியர் அறையில் பூட்டி வைத்தால் பயனில்லை. வழக்கமான பாடம் நடக்கும்போது ஒரு ஜோடி மட்டும் எழுந்துபோய்ப் பத்து நிமிடம் கேட்டு, சொல்லி, பதிந்துவிட்டு வரட்டும். பெயர்ப்பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தால் யாருடைய முறை என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அடுத்த ஜோடிக்கு என்ன செய்ய வேண்டும் என்று விளக்கும் பொறுப்பு முந்தைய ஜோடியுடையது. அந்த விளக்கம் மட்டும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். நான்கு வாக்கியம் போதும், தட்டுத்தடுமாறினாலும் பரவாயில்லை.